பூனை பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றில் 14 ஆண்டுகளாகப் பூனைகளோடு வாழ்கிறேன். தெருவில் கிடைக்கும் குட்டிகளைத் தேற்றி, நல்ல வீடு பார்த்துக் கொடுப்பதும் உண்டு. அப்படிக் கொடுத்த வீடுகளிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: "லிட்டர் பாக்ஸ் வச்சிருக்கோம், ஆனா மெத்தையில போகுது." (பூனை மலமும் சிறுநீரும் கழிக்க வீட்டுக்குள் வைக்கும் பெட்டிதான் லிட்டர் பாக்ஸ். அதில் போடும் மணல் போன்ற பொருள் லிட்டர்.) திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. அதனால் மருந்து எதுவும் சொல்ல மாட்டேன். எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதை மட்டும் அழுத்தமாகச் சொல்வேன்.

நேற்று வரை ஒழுங்காகப் பெட்டியில் போன பூனை, இன்று திடீரென்று சோபாவில் போகிறது. எங்கிருந்து தொடங்குவது?

அதன் உடம்பிலிருந்து. லிட்டரை மாற்றுவது, பெட்டியை நகர்த்துவது எல்லாம் அப்புறம். திடீர் மாற்றம் என்றால் முதல் சந்தேகம் நோய்தான்.

சிறுநீர்ப்பை அழற்சி, கல், கிருமித்தொற்று, இதில் எது வந்தாலும் சிறுநீர் போகும்போது எரியும். நமக்கு நீர்க்கடுப்பு வந்தால் எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா, அதேதான். பெட்டிக்குள் நின்றபோது வலித்தது என்பதால் அந்தப் பெட்டியையே வலியோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது பூனை. வேறு இடத்தில் போனால் வலிக்காதோ என்று மெத்தை, துணிக்குவியல், மிதியடி என்று தேடிப் போகிறது.

வயதான பூனைகளில் காரணங்கள் வேறு. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், தைராய்டு அதிகமாகச் சுரப்பது ஆகியவற்றில் பூனை நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் போகும். பெட்டி சீக்கிரம் நனைந்துவிடும், சில நேரம் பெட்டி வரை போகவே நேரமிருக்காது. மூட்டுவலி வந்த பூனைக்குப் பெட்டியின் விளிம்பைத் தாண்டுவதே பாடு.

ஆண் பூனை. அடிக்கடி பெட்டிக்குள் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கலாக இருக்குமா?

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் பூனை அப்படி இருந்தால், மீதியைப் படிக்க வேண்டாம். இப்போதே மருத்துவரிடம் கிளம்புங்கள். இரவு என்றால் இரவிலேயே.

ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் நீளமானது, நுனியில் மிகவும் குறுகலானது. நுண்ணிய படிகங்களும் சளியும் சேர்ந்து அங்கே அடைத்துக்கொள்ளும். சிறுநீர் வெளியேறாமல் தேங்கினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு குலைந்து, ஒன்றிரண்டு நாட்களில் உயிர் போய்விடும். பெட்டிக்கும் வெளியேயும் மாறி மாறி நடப்பது, முக்கிக் கத்துவது, சொட்டு மட்டும் வருவது அல்லது எதுவுமே வராதது, பிறப்புறுப்பை விடாமல் நக்குவது, இவை முதல் அறிகுறிகள். வாந்தி, சாப்பிடாமை, மூலையில் போய் ஒடுங்குவது எல்லாம் அடுத்த கட்டம்.

என் முத்துவை இப்படித்தான் இழந்தேன். கருத்தடை செய்த, நாலரைக் கிலோ எடையுள்ள வெள்ளைப் பூனை. முக்குகிறானே, மலச்சிக்கல்தான் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தேன். மறுநாள் காலையில் கொண்டுபோனபோது அவன் உடம்பு சில்லென்று ஆகியிருந்தது. அன்றிலிருந்து இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நள்ளிரவிலும் போன் எடுக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கைகள். வயிற்றை அழுத்தி வெளியே எடுக்கப் பார்க்காதீர்கள், சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம். நீர்க்கடுப்புக்கு நாம் குடிக்கிறோமே என்று இளநீர் புகட்டாதீர்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. அடைப்பு ஏற்பட்ட பூனையின் உடம்பில் ஏற்கெனவே எகிறியிருப்பது அதுதான்.

மருத்துவர் மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் செருகி அடைப்பை எடுப்பார். இரண்டு மூன்று நாட்கள் அங்கேயே வைத்திருக்க வேண்டி வரலாம். சரியான நேரத்தில் போனால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்கின்றன. ஆனால் மறுபடி வரக்கூடியது, அதனால் பிறகும் கண் வைத்திருக்க வேண்டும்.

பெண் பூனைக்கு இந்த ஆபத்து இல்லையா?

குழாய் அகலமானது, குட்டையானது என்பதால் முழு அடைப்பு அரிது. வலியும் அழற்சியும் ஆணைப் போலவே வரும். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் அன்றே காட்டுங்கள்.

மருத்துவர் சிறுநீர் மாதிரி கேட்கிறார். பூனையிடம் எப்படிப் பிடிப்பது?

கழுவிக் காயவைத்த பெட்டியை வெறுமையாகவோ, மீன்தொட்டிக்குப் போடும் சுத்தமான கூழாங்கல்லைக் கொஞ்சம் போட்டோ வையுங்கள். காலையில் போனதும் ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, ஓரிரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் மருத்துவரே வயிற்றின் வழியாக ஊசியில் நேரடியாக எடுப்பார். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நொடியில் முடிந்துவிடும்.

செலவுக்கு என்ன செய்வது?

செலவைக் குறைக்க அரசுக் கல்லூரி மருத்துவமனைகளைப் பாருங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. கூட்டம் இருக்கும், காலையில் சீக்கிரம் போவது நல்லது.

எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று. கல் இல்லை, கிருமி இல்லை. ஆனாலும் இரத்தத்தோடு போகிறது. இது எப்படி?

இளம் வயது, நடு வயதுப் பூனைகளுக்கு வரும் சிறுநீர்ப்பைத் தொல்லையில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது இந்த வகைதான். காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சி என்று சொல்வார்கள். பின்னணியில் பெரும்பாலும் மன அழுத்தம் இருக்கும். பூனையின் மனக்கவலை சிறுநீர்ப்பையில் போய்த் தைக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவரது குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. சாப்பாட்டு நேரம் தவறுவது, கவனித்துக்கொள்பவர் மாறுவது போன்ற குலைவுகள் நேர்ந்த வாரங்களில், நோயே இல்லாத பூனைகளும் சாப்பாட்டைக் குறைத்தன, வாந்தி எடுத்தன, பெட்டிக்கு வெளியே போயின. நோயுள்ள பூனைகளுக்கு ஆனது போலவே இவற்றுக்கும் ஆனது.

நம் வீடுகளில் இது எப்படி வரும்? வெள்ளையடிப்பு. பத்து நாள் தங்கும் விருந்தாளிகள். புதுக் குழந்தை. புதுப் பூனை. வீடு மாறுவது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தீபாவளி. தீபாவளிக்கு மறுநாள் எனக்கு வரும் அழைப்புகள் அதிகம். வெடிச்சத்தம் குறைவாகக் கேட்கும் உள்ளறை ஒன்றில் தண்ணீர், சாப்பாடு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, ஒரு லிட்டர் பாக்ஸ் எல்லாவற்றையும் இரண்டு நாள் முன்பே வைத்துப் பூனையைப் பழக்கிவிடுங்கள். ஃபேன் ஓடட்டும்.

இந்த வகை அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அதனால்தான் எந்த நாட்டு மருந்து கொடுத்தாலும் கேட்டது போலத் தெரிகிறது. பிறகு திரும்பி வரும். திரும்பாமல் பார்த்துக்கொள்ள மூன்று விஷயங்கள் உதவும்: நேரம் தவறாத சாப்பாடு, ஏறி உட்காரவும் ஒளியவும் இடம், தினமும் விளையாட்டு. அதோடு தண்ணீரையும் கவனியுங்கள். உலர் தீவனத்தில் நீர் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஈர உணவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல். உப்பு, வெங்காயம், பூண்டு போடாமல் வேகவைத்த கோழியின் தண்ணீரைச் சாப்பாட்டில் ஊற்றிக் கொடுத்தால் பெரும்பாலான பூனைகள் நக்கிக் காலி செய்துவிடும்.

வலி நிவாரணியாகப் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

கூடவே கூடாது. டோலோ, குரோசின் எல்லாம் அதுதான். பூனையின் கல்லீரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. இரத்தச் சிவப்பணுக்கள் கெட்டு, ஒரே மாத்திரையில் பூனை செத்துப்போகலாம்.

நான் ஊருக்குப் போய்விட்டு வந்தால் என் படுக்கையில்தான் போகிறது. கோபத்தில் பழிவாங்குகிறதா?

இல்லை. எத்தனை முறை கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன். நீங்கள் இல்லாதபோது அதற்குக் கலக்கம். உங்கள் வாசனை அதிகமாக இருக்கும் இடம் உங்கள் படுக்கை. அங்கே தன் வாசனையையும் சேர்த்தால் அதற்கு ஓர் ஆறுதல். மெத்தை மென்மையாக இருக்கிறது, ஈரத்தை உடனே உறிஞ்சுகிறது, உயரத்தில் இருப்பதால் நாலாபக்கமும் தெரிகிறது. இவ்வளவுதான்.

மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது, அடிப்பது, தண்ணீர் பீய்ச்சுவது எல்லாம் நிலைமையை மோசமாக்கும். போன பிறகு அடித்தால் எதற்கு அடி என்றே அதற்குப் புரியாது. போகும்போது அடித்தால் உங்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் போகக் கற்றுக்கொள்ளும். பீரோவுக்குப் பின்னால் ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடிப்பீர்கள்.

சுவரில் பின்பக்கத்தைக் காட்டி நின்றுகொண்டு பீய்ச்சுகிறது. இதுவும் அதே பிரச்சினையா?

வேறு. உட்கார்ந்து தரையில் நிறையப் போனால் அது சிறுநீர் கழிப்பது. நின்றபடி, வாலைத் தூக்கி நடுங்கவிட்டு, சுவரிலோ கதவிலோ கொஞ்சமாக அடித்தால் அது எல்லை குறிப்பது. பீய்ச்சும் பூனை பெட்டியையும் ஒழுங்காகவே பயன்படுத்தும்.

கருத்தடை செய்யாத கடுவன் (ஆண் பூனை) என்றால் முதல் வேலை கருத்தடை. பத்தில் ஒன்பது கடுவன்கள் அதற்குப் பிறகு நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். நாலைந்து மாதத்திலேயே செய்துவிட்டால் பெரும்பாலும் பழக்கமே தொடங்காது. கடுவன் மூத்திரத்துக்கு மட்டும் அப்படி ஒரு வீச்சம் ஏன் என்று கேட்பார்கள். ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் அதில் அதிகம். அது சிதையும்போதுதான் அந்த நாற்றம் கிளம்புகிறது. கருத்தடைக்குப் பிறகு அதுவும் குறையும். பெண் பூனைகளும் பீய்ச்சும், ஆனால் குறைவு.

கருத்தடை செய்த பூனை பீய்ச்சினால் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். தெருக் கடுவன் ஒன்று பால்கனிக்கோ வாசலுக்கோ வந்துபோகிறதா? கதவடியில் அது அடித்துவிட்டுப் போன வாசனை உள்ளே இருக்கும் உங்கள் பூனையைக் கலங்க வைக்கும். வாசலைக் கழுவி, கீழ் ஜன்னல் கண்ணாடியில் காகிதம் ஒட்டி, பார்வையை மறைத்தாலே பல வீடுகளில் நின்றிருக்கிறது.

பெட்டி எப்படி இருக்க வேண்டும்?

கடையில் விற்கும் பெட்டிகளில் பாதி, பூனைக்குச் சிறியவை. மூக்கு முதல் வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதைப் போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். உள்ளே நின்று, சுற்றி, தோண்டி, மூடி வெளியே வர இடம் தேவை. நான் குழந்தை குளிப்பாட்டும் பிளாஸ்டிக் டப்பைத்தான் பயன்படுத்துகிறேன். துணி போட்டுவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்தினாலும் போதும்.

மூடியுள்ள பெட்டி நமக்கு அழகு. உள்ளே நாற்றம் தேங்கும், வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. தொல்லை இருக்கும் வீட்டில் முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

எத்தனை பெட்டி?

பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பூனைக்கு மூன்று. சின்ன ஃபிளாட்டில் கஷ்டம்தான், தெரியும். ஆனால் மூன்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனைக் கணக்கில் அது ஒன்றுதான். ஒரு பூனை வழியில் படுத்துக்கொண்டு இன்னொன்றை விடாமல் செய்வது நமக்குச் சண்டையாகவே தெரியாது. வெறுமனே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். வேறு வேறு அறையில் வையுங்கள்.

எந்த இடத்தில் வைப்பது?

சத்தமில்லாத, தப்பிக்க இரண்டு பக்கமாவது வழியுள்ள, சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளியுள்ள இடம். எங்கள் வீட்டில் ஒருமுறை வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்திருந்தேன். துணி பிழியும் சுற்று தொடங்கியபோது பூனை உள்ளே இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டிப் பக்கமே திரும்பவில்லை. புதுப் பெட்டியைக் கூடத்து மூலையில் வைத்த அன்றே பழையபடி ஆயிற்று. நல்ல இடத்தில் இருக்கும் பெட்டியை நகர்த்த வேண்டுமானால் ஒரு நாளைக்கு ஒரு சாண் போதும்.

எந்த லிட்டர் நல்லது? மணல் போடலாமா?

வாசனை சேர்க்காத, பொடியான, கட்டியாகும் பென்டோனைட் லிட்டரைத்தான் பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. குஜராத்தின் கட்ச் பகுதியில் வெட்டியெடுக்கும் களிமண் அது. லாவெண்டர், எலுமிச்சை வாசனை எல்லாம் நம் மூக்குக்காகச் சேர்ப்பது, பூனைக்குப் பிடிக்காது.

முன்பு கொல்லைப்புறம் இருந்தது. பூனை தானே மண்ணைத் தோண்டிப் போய், மூடிவிட்டு வந்தது. நாம் பார்க்கவே தேவையிருக்கவில்லை. இந்தத் தொல்லை எல்லாம் மாடி வீட்டில் தொடங்கியதுதான். அதனால் சலித்த ஆற்று மணல் பூனைக்குப் பழக்கமான பொருள்தான், தாராளமாகப் போடலாம். ஆனால் கட்டியாகாது, ஈரம் அடியில் தங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழுவதையும் கொட்டி மாற்ற வேண்டும். எதுவானாலும் இரண்டங்குல ஆழம் இருக்கட்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குட்டிகளுக்குக் கட்டியாகும் லிட்டர் வேண்டாம், வாயில் போட்டு விழுங்கிவிடும்.

எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால் இரண்டு பெட்டியில் இரண்டு வகை போட்டு ஒரு வாரம் பாருங்கள். பாத்ரூம் தரையிலேயே போகும் பூனைக்கு வழவழப்பான தளம் பிடித்திருக்கலாம். வெறும் பெட்டியில் ஒரு கைப்பிடி லிட்டர் மட்டும் போட்டுத் தொடங்குங்கள். மிதியடியில் போகும் பூனைக்குப் பெட்டிக்குள் அதே துணியில் ஒரு துண்டு வைத்து, மேலே லிட்டரைத் தூவி, நாளடைவில் துணியை எடுத்துவிடலாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது?

அள்ளுவது தினமும் இரண்டு முறை. பெட்டி முழுவதையும் கொட்டிக் கழுவுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சாதாரண சோப்புத் தண்ணீரில். பினாயில் வேண்டாம்.

ஏன் பினாயில் வேண்டாம்? வீடு முழுக்க அதைத்தான் போட்டுத் துடைக்கிறோம்.

கறுப்புப் பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைகள் பூனைக்கு நஞ்சு. டெட்டாலில் இருப்பதும் அந்தக் குடும்பம்தான். பாராசிட்டமாலுக்குச் சொன்ன அதே காரணம்: பூனையின் கல்லீரல் இவற்றைக் கழிக்காது. ஈரத்தரையில் நடந்து, பாதத்தை நக்கும்போது நேராக வயிற்றுக்குப் போகிறது. வெள்ளைப் பினாயிலில் சேரும் பைன் எண்ணெயும் பூனைக்கு ஆகாது. பிளீச்சிங் பவுடரைச் சிறுநீரின் மேல் கொட்டினால் அதிலிருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து, உங்கள் மூச்சுக்கும் கெடுதலான வாயு கிளம்பும். பூனையை விரட்ட அந்துருண்டை, கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் வைப்பதையும் கைவிடுங்கள், எல்லாமே விஷம்.

அப்படியானால் நாற்றத்தை எப்படிப் போக்குவது?

இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். சிறுநீரில் யூரிக் அமிலம் படிகமாகப் படிந்துவிடும், தண்ணீரில் எளிதில் கரையாது. காய்ந்ததும் நமக்கு வாடை போய்விடும். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறியதும் மறுபடி கிளம்பும். பூனைக்கோ அது போகவே போகாது, "இதுதான் கக்கூஸ்" என்று அந்த இடம் சொல்லிக்கொண்டே இருக்கும்.

முதலில் பழைய துணி அல்லது செய்தித்தாளை வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பச்சைத் தண்ணீரால் அலசுங்கள். பிறகு செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவத்தைச் சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குமோ அவ்வளவு ஆழம் நனையும்படி ஊற்றி, தானாகக் காய விடுங்கள். மேலாகத் தெளித்துத் துடைத்தால் பலனில்லை. துணிகளுக்கு என்சைம் கலந்த சலவைத்தூளில் ஊறவைத்தாலும் போதும். வெந்நீரும் இஸ்திரியும் நாற்றம் முழுதாகப் போன பிறகு. இலவம்பஞ்சு மெத்தை ஊறிப்போனால் பஞ்சை மாற்றித் தைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கே போயிருக்கிறது என்று தெரியாவிட்டால், இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், சிறுநீர் பட்ட இடம் மின்னும். சுத்தம் செய்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டையோ அதன் படுக்கையையோ வைத்துவிடுங்கள். சாப்பிடும் இடத்தில் பூனை பொதுவாகப் போகாது.

மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். பூனை சிறுநீரால் குழந்தைக்கு ஆபத்து என்று அனுப்பிவிடச் சொல்கிறார்கள்.

டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றித்தான் சொல்கிறார்கள். அது மலத்தில் வருவது, சிறுநீரில் அல்ல. மலத்தில் வந்தாலும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். அந்த வேலையை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். அரைவேக்காட்டு இறைச்சியும் கழுவாத காய்கறியும் இதைவிடப் பெரிய வழிகள். பூனையை மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டில் வளர்ந்த பூனைக்கு அங்கே பிழைக்கத் தெரியாது.

எல்லாம் செய்துவிட்டேன். எவ்வளவு நாளில் சரியாகும்?

காரணம் பெட்டி என்றால் ஓரிரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். பழக்கம் ஊறிப்போயிருந்தால், ஒரு சின்ன அறையில் பெட்டி, படுக்கை, தண்ணீரோடு சில நாள் வைத்து, ஒழுங்காகப் போகத் தொடங்கியதும் அறை அறையாகத் திறந்துவிடலாம். அந்த நாட்களில் நீங்களும் கொஞ்ச நேரம் உள்ளே போய் உட்காருங்கள், அது தண்டனை அறை ஆகிவிடக் கூடாது. பயந்த பூனைகளுக்கு மருத்துவர் மனநல மருந்து எழுதிக் கொடுப்பதும் உண்டு. அதில் தயங்க ஒன்றுமில்லை.

16 வயதுப் பூனை. சிறுநீரகம் கெட்டுவிட்டது. இனி பழக்க முடியுமா?

பழக்க வேண்டாம், வீட்டை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். என் மூத்தவளுக்கும் இதே நிலைதான். மூன்றங்குலத்துக்கு விளிம்பை வெட்டிய டப் ஒன்று என் கட்டிலுக்குப் பக்கத்திலும், இன்னொன்று அவள் பகலில் படுக்கும் ஜன்னலடியிலும் இருக்கின்றன. இரவில் வழி தெரிய ஜீரோ வாட் பல்பு ஒன்று எரியும். டப்பைச் சுற்றி, துவைத்துப் போடும் ரப்பர் விரிப்பு. குழந்தைகளுக்குத் தொட்டிலில் போடுவோமே, அதேதான். தண்ணீரை மட்டும் ஒருபோதும் குறைக்காதீர்கள். கெட்ட சிறுநீரகம் தேக்கி வைக்காததால்தான் அது அவ்வளவு குடிக்கிறது. அவள் சில நாள் டப்பின் விளிம்பில் நின்று வெளியே போய்விடுவாள். விரிப்பை மாற்றிவிட்டு, அவள் பின்னங்கால்களை வெதுவெதுப்பான துணியால் துடைத்துவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.